மலைக்கு நாற்காலி இல்லை

ஜூன் 9, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடு, குகா. இதழி இப்போதுதான் கண் மூடினாள். மூடினாள் என்பதே என் நம்பிக்கைதான், ஒரு கண் இன்னும் என்னைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் எப்போது நெட் பிடிக்குமோ தெரியாது. ஒப்பந்தப்படி நான் தினமும் எழுதி மொத்தமாக அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுதுவதாகத்தான் ஒப்பந்தம். போன முறை உன் பங்காக வந்தது "எல்லாம் ஓகே" என்று இரண்டு வார்த்தை. ஒரு மாதக் கடலுக்கு இரண்டு வார்த்தை.

பிரசவ விடுப்பு முடிந்து இன்று முதல் நாள். விமானப்படைத் தளத்து வாசலுக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். அங்கே இருக்கிற பாப்பாத்தி அக்கா இதழியை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீ போ அம்மிணி, நீ நின்னாத்தான் புள்ள அழுவும்" என்றார். நான் போனேன். பிள்ளை அழவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் சிமுலேட்டர் ஹால் அப்படியேதான் இருக்கிறது. நான்கு கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு போர் விமானி, சுற்றிலும் திரை. கூடு சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு முடுக்கியது. ஓர் அங்குலம்கூட நகராது. உள்ளே போனவர்கள் முக்கால் மணி நேரத்தில் மழையில் நனைந்தவர்கள் மாதிரி வெளியே வருகிறார்கள். நான் வெளியே கன்சோலில் உட்கார்ந்து எதிரியாக இருக்கிறேன். எங்கே ஏவுகணை, எப்போது மேகம், யார் சாக வேண்டும், எல்லாம் என் விரலில். பிரசவத்துக்கு முன்பும் இதே வேலைதான். உன் அம்மாவிடம் மட்டும் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறோம், ஞாபகம் இருக்கட்டும்.

இந்த மாதம் ஒரு பெரிய ஒத்திகை. மலைத்தொடருக்கு அப்பால் ஒரு பாலம் இருப்பதாகப் பாவனை. நான்கு விமானங்கள் தாழப் பறந்து போய் அதன்மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இங்கே கூட்டுக்குள் பழகிவிட்டு, இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை நிஜ விமானத்தில், நிஜ மலைக்கு மேல். குண்டு மட்டும் பொய்.

தலைவர் விங் கமாண்டர் ரகுராமன். சென்னைக்காரர், நல்ல உயரம், அதைவிட நல்ல அபிப்பிராயம் தன்னைப் பற்றி. இன்று மலையைத் தாண்டியவுடனே என் ஏவுகணை அவரைத் தூக்கிவிட்டது. செத்தார். இங்கே செத்தால் ஒன்றும் ஆகாது. கன்சோலில் ஒரு பட்டன் இருக்கிறது, நாங்கள் அதை உயிர் பட்டன் என்போம். அழுத்தினால் கொஞ்சம் பின்னால் ஓர் இடத்தில் திரும்ப முளைத்துவிடுவார். பயிற்சி நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக வைத்தது, நியாயம்தான். அழுத்தினேன். முளைத்தார். போய்ப் பாலத்தில் குண்டும் போட்டார்.

பிறகு டீப்ரீஃப். பறந்ததைப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்து, யார் எங்கே தவறினார் என்று பேசும் கூட்டம். அந்த அறைச் சுவரில் முன்பு இருந்த ஒரு கமாண்டர் எழுதி மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது: "இளையவர் முதலில் பேசுக." மூத்தவர் சொன்னபிறகு இளையவன் வேறு சொல்ல மாட்டான் என்று தெரிந்தவர். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், பலகை மட்டும் இருக்கிறது. ரகுராமன் பலகைக்கு நேர் கீழே நின்று முதல் ஆளாகப் பேசினார். "நாலு குண்டு, நாலும் பாலத்துல. பர்ஃபெக்ட்." பிறகு இரண்டாமவர், "அதேதான் சார்." மூன்றாமவர், "அதேதான் சார்." நான்காவது பையன் வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது.

செத்த மனிதன் போட்ட குண்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பர்ஃபெக்ட்டாம்! நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். முதல் நாள்.

ஜூன் 10, செவ்வாய்

உன் அம்மா வீடியோவில் வந்தார். இதழிக்கு ராகிக் கூழ் ஆரம்பிக்கலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "இப்ப வேண்டாங்கண்ணு, சளி புடிக்கும்" என்று தீர்ப்பு. உன் அக்கா, "ஆமாமா." உன் மாமா, "ஆமாமா." நான் இளையவர் முதலில் பேசட்டும் என்று சொல்லி போனை இதழியிடம் காட்டினேன். அவள் போனை நக்கினாள். ராகி வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நான்காவது பையன் மலையில் மோதினான்.

கூட்டுக்குள்தான். பதற வேண்டாம். நான் பதறவில்லை.

பெயர் ஜெபக்குமார், தூத்துக்குடி பக்கம். பறக்கப் போகும் நால்வரில் கடைசி, வயதிலும் வரிசையிலும். வழக்கம்போல ரகுராமன் முதலில் செத்தார், வழக்கம்போல நான் பட்டனை அழுத்தினேன், வழக்கம்போல அவர் பின்னால் முளைத்தார். மற்ற மூவரும் வட்டமடித்து அவரை முன்னால் விட்டுப் பின்தொடர்ந்தார்கள். பாலத்தில் குண்டு போட்டார்கள். இதற்குள் நேரம் போய்விட்டது அல்லவா? அதை ஈடுகட்ட ரகுராமன் வீடு திரும்பும் வளைவை இறுக்கினார். பள்ளிக்கூடத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் விட்டோமே, முதல் பிள்ளை சட்டென்று திரும்பினால் கடைசிப் பிள்ளை எங்கே போகும்? சுவரில் போய் மோதும். ஜெபக்குமார் மலையில் மோதினான்.

அவன் திரை முழுக்கச் செம்மண் நிறமாகி அப்படியே நின்றது. ஹெட்செட்டில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. ரகுராமன், "ஃபோர், ரீசெட் பண்ணிட்டு வாப்பா" என்றார், டீக்கடையில் கூப்பிடுகிற மாதிரி.

டீப்ரீஃபில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மலையோட டேட்டா பழசு. நிஜத்துல அந்த மலை இவ்வளவு உயரம் கிடையாது. சிமுலேட்டர்ல ஓவரா வரைஞ்சிருக்காங்க." இரண்டாமவர், அதேதான். மூன்றாமவர், அதேதான். ஜெபக்குமார் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "அதேதான் சார்."

சிமுலேட்டரை நடத்தும் எங்கள் கம்பெனியின் மேனேஜர் நாச்சிமுத்து சாரும் தலையாட்டினார்! ஏன் ஆட்ட மாட்டார்? டேட்டா பழசு என்றால் புது டேட்டா வாங்க ஆர்டர் வரும். விமானிமேல் தப்பில்லை, திட்டத்தில் தப்பில்லை, கம்பெனிக்கு வேலை. எல்லோருக்கும் நல்லது. மலை ஒன்றுதான் பாக்கி. அது வந்து தன் பக்கத்தைச் சொல்ல அந்த அறையில் நாற்காலி இல்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் முதல் வேலையாக நில அளவைத் துறையின் வரைபடத்தை எடுத்து எங்கள் மலையோடு ஒப்பிட்டேன். மலை சரியாக இருக்கிறது. சொல்லப் போனால் எங்கள் மலை உச்சியில் ஒரு பாறை குறைகிறது.

நாச்சிமுத்து சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் இட்லிப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, மிகவும் அன்பாகப் பேசினார். அன்பாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"சங்கவி, கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் இது. தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

"அடுத்த கூட்டத்துல அவரு உன்னையக் கேட்டாருன்னா, டேட்டா பழசுங்க சார்னு ஒரு வார்த்தை. அத்தோட முடிஞ்சுது."

"மலை சரியா இருக்குதுங்க சார். அந்த வளைவுதான் தப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை நெசமாவே பறக்கப் போறாங்க. அங்க ரீசெட் இல்லீங்களே."

"ஏம்மா, அவங்களுக்குப் பறக்கத் தெரியாதா? நீ நானா ஓட்டறோம்?"

அவருக்கு என்மேல் கோபமே இல்லை. "கொழந்தை நல்லா இருக்குதா?" என்று வேறு கேட்டார். பிறகு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஜூன் 15, ஞாயிறு

திட்டாதே. இதழியை முன்னால் துணியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் அந்த மலையைப் பார்த்துவிட்டு வந்தேன். காற்று வாங்கத்தான் போனேன். காற்று வாங்க வேறு இடம் கிடைக்கவில்லை.

மலை இருக்கிறது, குகா. யாரும் அதைத் தாழ்த்திவிடவில்லை. அடிவாரத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன, உச்சியில் ஆனி மாதத்து மேகம் உட்கார்ந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் கம்பங்கூழ் விற்கும் அம்மாவிடம், "இந்த மலை ரொம்ப உசரமுங்களா?" என்று கேட்டேன். என்னை ஒருமுறை, பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏனுங்க, வெலைக்கு வாங்கறாப்புல கேக்கறீங்க?" என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் ஜெபக்குமார். பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கையில் கூழ்ச் சொம்போடு.

"அக்கா! நீங்களுமா?"

"நான் காத்து வாங்க வந்தேன்."

"நானுந்தான்" என்றான். இருவரும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தபடி காற்று வாங்கினோம். பிறகு அவனே சொன்னான். "மலை சரிதான்க்கா. எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த வளைவுல அவர் பின்னாடியே நிக்கணும்னா வேற வழியே இல்ல. போய் முட்டத்தான் செய்யணும்."

"அப்புறம் ஏன் 'அதேதான் சார்'?"

"எனக்கு முன்னாடி மூணு பேரு சொல்லியாச்சுல்லா? நான் நாலாவதா எந்திரிச்சு, மலை சரி, நீங்க தப்புன்னா, மொதல்ல என்ன கேப்பாங்க? ஒனக்கு வளைக்கத் தெரியலையாலேன்னு கேப்பாங்க. வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளப் போட்டுருவாங்க."

"போட்டா போட்டுட்டுப் போறாங்க."

"சும்மா இருங்கக்கா. இதுக்காக எத்தனை வருஷம்..." என்று நிறுத்திவிட்டான். "நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் அன்னைக்குக் கொஞ்சம் உயரமாப் போயிருவேன். பாத்துக்குவேன்."

உயரமாகப் போனால் ராடாரில் தெரியும், கூட்டத்தில் அசிங்கப்படுத்துவார்கள், அதனால் இவன் போக மாட்டான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாத்துக்குவானாம். இந்த ஆண்கள் எல்லோரும் ஒரே கடையில் வாங்கி வைத்திருக்கிற வார்த்தை அது. நீயும் ஏறும்போது அதைத்தான் சொல்லிவிட்டு ஏறினாய்.

இதழி அவன் கூலிங்கிளாஸைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தர மாட்டேன் என்று ஒரே அடம். "வச்சுக்கட்டும்க்கா, நாளைக்கு வாங்கிக்கிடுதேன்" என்று போய்விட்டான். இருபத்து நாலு வயதுகூட இருக்காது. அவன் அம்மா என்ன நினைத்துக்கொண்டு தூங்குகிறாளோ!

எனக்கென்ன. நான் கான்ட்ராக்ட்.

ஜூன் 16, திங்கள்

பல் முளைக்கிறது. அழுகை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று உயிர் பட்டனை நான் அழுத்தவில்லை.

மலையைத் தாண்டியதும் ரகுராமன் செத்தார். கை பட்டனுக்குப் போனது. போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, தூக்கம் இல்லாதவள் செய்கிற காரியம் என்று வைத்துக்கொள்.

ஹெட்செட்டில், "கன்சோல், நான் வெயிட்டிங்."

"கேக்குதுங்க சார்."

"என்ன ஆச்சும்மா? ஏன் இன்னும் இருட்டா இருக்கு?"

"நீங்க செத்துட்டீங்க சார்."

"அது தெரியும். திரும்பப் போடு."

"வெள்ளிக்கிழமை யாரு சார் திரும்பப் போடுவாங்க?"

கூட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஹெல்மெட் எதிலோ இடித்த சத்தம் என்று நினைக்கிறேன். மற்ற மூவரும் திருவிழாவில் அப்பாவைத் தொலைத்த பிள்ளைகள் மாதிரி சுற்றினார்கள். இத்தனை நாள் ஒத்திகையில் தலைவர் இல்லாமல் போனால் யார் கூட்டிப்போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை! அவர்தான் சாகவே இல்லையே. கடைசியில் மூன்றாமவர் தொண்டையைச் செருமி, "நான் முன்னால போறேன்" என்றார். போனார்கள். ஒரே ஒரு குண்டுதான் பாலத்தில் விழுந்தது. ஆனால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அதனால் வளைவை இறுக்க வேண்டியதும் இல்லை. நேராக வெளியே வந்தார்கள். மூன்று பேரும் வீடு சேர்ந்தார்கள். மலை பாட்டுக்கு மலை இருந்தது.

டீப்ரீஃப் அறையில் நான் போய் நின்றபோது பால் கட்டி நெஞ்செல்லாம் வலித்தது. சுடிதாரில் இரண்டு ஈர வட்டம். ஒரு ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ரகுராமன் பலகைக்குக் கீழே வந்து நின்று வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சார், அந்தப் பலகையில இளையவர் முதல்லன்னு இருக்குது. ஜெபக்குமார் பேசட்டுங்களா?"

அவர் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தார். இத்தனை நாளும் அங்கே கடிகாரம் மாட்டியிருப்பதாக நினைத்திருப்பார் போல.

நாச்சிமுத்து சார் பாய்ந்து வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தப் பொண்ணு இப்பத்தான் பிரசவ லீவு முடிஞ்சு வந்திருக்குது. தூக்கம் கெடையாது. பட்டன விட்டுருச்சு. கொஞ்ச நாளைக்கு அப்படித்தானுங்க, கவனம் அங்க இங்க போகும்."

ஆக, வியாழக்கிழமை மலைமேல் தப்பு. செவ்வாய்க்கிழமை என் கர்ப்பப்பைமேல் தப்பு. இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள்மேல் மட்டும் எந்தக் கிழமையிலும் தப்பு வராது.

எனக்குக் கண்ணீர் வந்தது, கோபத்தில்தான். அப்போது ஜெபக்குமார் எழுந்தான்.

"அவங்க பட்டன விடல சார். மலையும் சரிதான். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்தேன். அன்னைக்கு அந்த வளைவுல என்னால தாங்க முடியல. நான்தான் முட்டுனேன்."

ரகுராமன் அவனைப் பார்த்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. "நேர்மைக்கு நன்றி" என்றார். "வளைக்க முடியாதவன் வெள்ளிக்கிழமை வர வேண்டாம். நாலாவது இடத்துக்கு வேற ஆள் போடறேன்."

அவ்வளவுதான். திட்டம் அப்படியே, வளைவு அப்படியே. வேறொரு பையன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவனாக இருப்பான், அந்த மலையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். நான் வாயைத் திறந்து காப்பாற்றியது யாரை? ஒரு பிள்ளையை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு இன்னொரு பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன்.

காப்பகத்துக்குப் போனபோது ஜெபக்குமார் வாசலில் நின்றான். "திருப்திதானாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். கூலிங்கிளாஸைக்கூட வாங்கவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று நாச்சிமுத்து சார் என்னைக் கன்சோலில் உட்கார விடுவதாக இல்லை. ஆனால் மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கடவுள் சில சமயம் காய்ச்சல் வடிவில் வருகிறார்.

மதியம் ரகுராமன் அந்தப் புதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். "அந்த வளைவு ஒண்ணும் கஷ்டம் இல்ல. நானே நாலாவது இடத்துல ஓட்டிக் காட்டறேன், நீ நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு நான்காவது கூட்டில் ஏறினார்.

"முன்னாடி தலைவர் இடத்துல யாருங்க சார்?" என்று கேட்டேன்.

"என் பழைய ஓட்டத்தையே போடு. போன வியாழக்கிழமையோடது."

போட்டேன். அவருக்கு முன்னால் அவரே பறந்தார். இப்போது நாச்சிமுத்து சார் என் காதருகே குனிந்தார். குரல் கொசு மாதிரி.

"மலைய ஒரு எரநூறு அடி எறக்கிரு. யாருக்கும் தெரியாது."

முடியும், குகா. கன்சோலில் மலையை இறக்கலாம், ஏற்றலாம், வேண்டாமென்றால் எடுத்தே விடலாம். விரல் நகர்த்தும் தூரம்தான். அவரும் நன்றாகப் பறப்பார், பையனும் நம்புவான், கம்பெனியும் பிழைக்கும், நானும் நாளைக்கு இதே நாற்காலியில் இருப்பேன்.

மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டே, "மலைய எறக்கணுங்களா சார்? எவ்வளவு?" என்று உரக்கக் கேட்டேன்.

நாச்சிமுத்து சாரின் முகத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கலாம்.

ஹெட்செட்டில் ரகுராமன், "எந்த மலைய? யார் எறக்கச் சொன்னது?"

நாச்சிமுத்து சார் இரண்டடி பின்னால் போனார்.

"இருக்கறபடியே வை" என்றார்.

முதல் முறை, மோதினார். செம்மண் திரை. "இன்னொரு தடவை." மோதினார். புதுப் பையன் வாயைக் கையால் மூடிக்கொண்டான். மூன்றாம் முறை அவர் மலைக்குமேலே உயர ஏறித் தப்பினார். ஏறியதும் ராடாரில் பளிச்சென்று தெரிந்தார். நான் சுட்டுவிட்டேன். என் வேலை அது.

அதற்குப் பிறகு அவர் 'இன்னொரு தடவை' என்று சொல்லவில்லை. கூட்டின் கதவு திறக்கவும் இல்லை. உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது கழுத்துவரை வேர்வை, ஹெல்மெட் கையில், தலைமுடி ஒட்டிப்போய், யாரோ ஒரு சாதாரண ஆள் மாதிரி இருந்தார்.

என்னைப் பார்த்து, "அன்னைக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார்.

"நீங்க அவர ரீசெட் பண்ணிட்டு வரச் சொன்னீங்க சார்."

தலையாட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன், தலையைத்தான் ஆட்டினார். பிறகு புதுப் பையனிடம், "போய் ஜெபாவக் கூட்டிட்டு வா, நாலாவது இடம் அவனுக்கே. மத்த ரெண்டு பேரையும் வரச் சொல்லு. வெளிய வர்ற வழிய மாத்தணும். நான் செத்தா யாரு கூட்டிட்டுப் போறதுன்னும் முடிவு பண்ணணும்" என்றார்.

மாலைக் கூட்டத்தில் பாடம் என்று வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். வளைவில் உள்ள ஆபத்தைத் தலைவர் கண்டறிந்தார் என்று முதல் வரி. கண்டறிந்தாராம்! கொலம்பஸ். என் பெயர் எங்கேயும் இல்லை, இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. திங்கள் முதல் நான் கோப்புப் பிரிவுக்குப் போகிறேன் என்று நாச்சிமுத்து சார் சொல்லிவிட்டார். அன்பாகச் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நிம்மதி.

ஜூன் 20, வெள்ளி

இன்று பறந்தார்கள்.

எனக்கு ஹாலில் வேலை இல்லை. இதழிக்குப் பால் கொடுக்கிற சாக்கில் காப்பகத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். மேற்கே ஒரே மேகம், மலை இருக்கிற இடமே தெரியவில்லை. நான்கு விமானங்களும் எழும்பியபோது இதழி பால் குடிப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"என்ன அம்மிணி, வானத்தையே பாத்துட்டுக் குக்கியிருக்கற? மழையா வரப்போகுது?" என்றார் பாப்பாத்தி அக்கா.

"வருமுங்க்கா."

"தொவைச்சது காயுது. எடுத்துப் போடட்டுமா?"

"எடுத்துப் போடுங்க."

அவர் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு விமானம் திரும்பி வந்தது. ஒன்றே ஒன்று. தனியாக. இறங்கியது. அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை. பாப்பாத்தி அக்கா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், மழையைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ. நான் ஆமாங்க்கா, ஆமாங்க்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதழி என் பிடியில் திமிறினாள், அவளை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது. துணியெல்லாம் உள்ளே போயிற்று. தூறல் விழுந்தது. அப்புறம் மூன்று சத்தம், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

மாலையில் ஜெபக்குமார் வந்தான். இன்னும் பறக்கும் உடையிலேயே இருந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"அக்கா, ஒத்திகையில தோத்துட்டோம்."

"தோத்துட்டீங்களா?"

"மலையத் தாண்டினதும் நடுவருங்க ரேடியோவுல கூப்புட்டு, தலைவர் செத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. அவரும் ஒரு வார்த்த பேசாமத் திரும்பிட்டாரு. மூணாவது சார் எங்களக் கூட்டிட்டுப் போனாரு. குண்டு ஒண்ணுதான் சரியா விழுந்திச்சு. மார்க்கு ரொம்பக் கம்மி. எல்லாருக்கும் நல்ல திட்டு."

"மலை?"

"மலையாக்கா? திரும்பையில புது வழியில நேரா வந்துட்டோம்லா, அந்தப் பக்கமே போவல. இறங்கி வரையில திரும்பிப் பாத்தேன். முழுசா மேகத்துக்குள்ள கெடந்துச்சு. அடிவாரம்கூடத் தெரியல. பழைய வளைவப் போட்டிருந்தோம்னா..." அவன் முடிக்கவில்லை. "சரி, கண்ணாடியக் குடுங்க. பாப்பா கடிச்சு வச்சிருக்காளா?"

நான் கொடுத்தேன். ஒரு கண்ணில் பல் தடம். போட்டுக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு காப்பகத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கால் வலி, அவ்வளவுதான். நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால் வலிக்காதா? பாப்பாத்தி அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நடுங்கற அம்மிணி, ஈரத்துல ஒக்காராத" என்றார்.

இவ்வளவும் எழுதியாயிற்று. நீ படித்ததும் பதில் எழுது, குகா. ஓகே என்று எழுதாதே. அங்கே நடப்பதை, நடக்கிறபடி எழுது. சீக்கிரம் எழுது.

சங்கவி